பேட்டில் ராயலா, ஹங்கர் கேம்ஸா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதின்வயதுப் பிள்ளைகளை ஓரிடத்தில் அடைத்து, கடைசி ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லச் சொல்லும் கதைகள் இன்று ஏராளம். அதில் இரண்டு படங்களைப் பற்றித்தான் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: ஜப்பானில் 2000-இல் வந்த ‘பேட்டில் ராயல்’, அமெரிக்காவில் 2012-இல் வந்த ‘தி ஹங்கர் கேம்ஸ்’. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்ததால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இரண்டு படங்களின் முடிவும் கீழே வெளிப்படையாக இருக்கிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டின் கதையையும் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

‘பேட்டில் ராயல்’ கதையில் ஜப்பான் நொடித்துப்போயிருக்கிறது. வேலையில்லாதவர்கள் 15 சதவீதம். 8 லட்சம் மாணவர்கள் பள்ளியைப் புறக்கணிக்கிறார்கள். பிள்ளைகளைக் கண்டு பயந்துபோன பெரியவர்கள் ஒரு சட்டம் போடுகிறார்கள். அதன்படி ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுத்து, சுற்றுலா என்று பேருந்தில் ஏற்றி, மயக்க வாயு கொடுத்துத் தீவில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். 42 பேர். ஒவ்வொருவர் கழுத்திலும் வெடிக்கும் பட்டை. 3 நாள் கெடு. அதற்குள் ஒருவர் மட்டும் மிஞ்சாவிட்டால் எல்லாப் பட்டைகளும் வெடிக்கும்.

‘ஹங்கர் கேம்ஸ்’ பனெம் என்ற நாட்டில் நடக்கிறது. ஆடம்பரத் தலைநகரம் ஒன்று, அதற்கு அடிமைப்பட்ட 12 மாவட்டங்கள். முன்பு எப்போதோ கலகம் செய்ததற்குத் தண்டனையாக, ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் 12 முதல் 18 வயதுக்குள் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் குலுக்கல் முறையில் அனுப்ப வேண்டும். ஆக 24 பேர். நாடே டிவியில் பார்க்கும். 74-ஆவது போட்டிக்குத் தங்கை ப்ரிம்மின் பெயர் விழ, அவளுக்குப் பதிலாக அக்கா காட்னிஸ் தானே முன்வந்து போகிறாள்.

ஹங்கர் கேம்ஸ் காப்பிதானே?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். ஆண்டுக்கணக்கை வைத்துப் பார்த்தால் சந்தேகம் வருவது இயல்பு. கோஷுன் டகாமியின் ‘பேட்டில் ராயல்’ நாவல் 1999, படம் 2000. சுசேன் காலின்ஸின் நாவல் 2008. காலின்ஸோ தன் புத்தகத்தைப் பதிப்பாளரிடம் கொடுக்கும்வரை அந்த ஜப்பானியக் கதையைக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லியிருக்கிறார். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நான் நம்புகிறேன்.

காரணம், காலின்ஸ் தன் மூலம் என்று காட்டும் இடம் வேறு. ஏதென்ஸ் நகரம் தோற்றதற்குத் தண்டனையாக 7 இளைஞர்களையும் 7 இளம்பெண்களையும் கிரீட் தீவுக்கு அனுப்ப, அங்கே காளைத்தலை அரக்கன் அவர்களைத் தின்னும் என்ற கிரேக்கப் புராணம். அதோடு ரோமானியக் கிளாடியேட்டர்கள். அப்புறம் ஒருநாள் இரவு டிவி சேனல்களை மாற்றிக்கொண்டே வந்தபோது ஒன்றில் ரியாலிட்டி ஷோ, அடுத்ததில் ஈராக் போர்க் காட்சி. இரண்டும் மனதில் ஒன்றாகக் கலந்துவிட்டன என்கிறார். படத்தைப் பாருங்கள், இந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஜப்பானியப் படத்தில் மூன்றில் ஒன்றும் இல்லை. பனெம் என்ற பெயரே ‘ரொட்டியும் கேளிக்கையும்’ என்ற பழைய லத்தீன் தொடரில் வரும் ரொட்டிதான்.

விதிகள் ஒத்துப்போகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் விதிகள் ஒன்றாக இருக்கும்போதே படங்கள் எவ்வளவு விலகிப் போகின்றன என்று பார்ப்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

அப்படியானால் முக்கிய வித்தியாசம் என்ன?

ஹங்கர் கேம்ஸில் காட்னிஸுக்கு மற்ற 22 பேர் அந்நியர்கள். பீட்டா ஒருவன்தான் ஊர்க்காரன். அவனிடமும் அதற்கு முன் பேசிப் பழகியதில்லை. அவள் பசியால் வாடிக் கிடந்த ஒரு மழைநாளில் கருகிய ரொட்டியைத் தூக்கிப் போட்டவன், அவ்வளவுதான். பேட்டில் ராயலில் அந்த வகுப்பில் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பெஞ்சுகளில் உட்கார்ந்து படித்தவர்கள்.

இந்த ஒரு மாற்றம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. அந்நியன் உங்களைக் கொல்ல வந்தால் ஓடலாம், எதிர்க்கலாம். கணக்கு நேரானது. நேற்று டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொண்டவள் இன்று கையில் அரிவாளோடு நின்றால்? அவள் கொல்லத்தான் வந்திருக்கிறாளா, பயந்துபோய் நிற்கிறாளா? அந்தச் சந்தேகம்தான் பேட்டில் ராயலில் ஆளைக் கொல்கிறது. துப்பாக்கி அப்புறம்தான்.

ஒரு பையன், சுகிமுரா. தான் ஒருதலையாக விரும்பிய பெண்ணைத் தீவு முழுக்கத் தேடி அலைகிறான். கடைசியில் கண்டுபிடிக்கிறான். அவள் பயத்தில் சுட்டுவிடுகிறாள். சாகும் நேரத்தில்தான் அவன் தன் காதலைச் சொல்கிறான். அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை, இவன் தன்னோடு பேசியதுகூட இல்லையே என்று அழுகிறாள். எந்த வகுப்பிலும் இப்படி ஒரு பையன் இருப்பான். எங்கள் வகுப்பிலும் இருந்தான். அதனால்தான் மற்றவற்றைவிட இந்தக் காட்சி என்னை அதிகம் அசைத்தது.

கலங்கரை விளக்கக் காட்சி என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

ஆறு பெண்கள் கலங்கரை விளக்கத்தில் ஒளிந்திருக்கிறார்கள். நாங்கள் கொல்ல மாட்டோம், சேர்ந்தே இருப்போம் என்று முடிவெடுத்தவர்கள். சமைக்கிறார்கள், சிரிக்கிறார்கள், முறைவைத்துக் காவல் இருக்கிறார்கள். காயம்பட்டு வந்த நாயகன் ஷூயாவை மாடியில் படுக்கவைத்திருக்கிறார்கள். அவன் கையால் ஒருவன் செத்ததைப் பார்த்துவிட்ட ஒருத்தி, அவனுக்குப் போகும் சாப்பாட்டில் விஷம் கலக்கிறாள். அதை வேறொருத்தி விளையாட்டாக எடுத்து வாயில் போட்டுவிடுகிறாள்.

அடுத்த சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. யார் கலந்தது என்று தெரியாமல் ஒருத்தியை ஒருத்தி குற்றம் சாட்டுகிறார்கள். பழைய சின்னச் சின்னக் கசப்புகள் வெளியே வருகின்றன. துப்பாக்கி எடுக்கிறார்கள். விஷம் வைத்தவள் மட்டும் மிஞ்சுகிறாள், பிறகு மேலிருந்து குதித்துவிடுகிறாள். வெளியிலிருந்து யாரும் வரவில்லை. அரசு ஒரு விரலையும் அசைக்கவில்லை. தோழமைதான் வழி என்று நம்பியவர்களே மற்றவர்களைவிட வேகமாக அழிகிறார்கள். இந்தச் சில நிமிடங்களுக்கு ஈடான ஒன்று ஹங்கர் கேம்ஸ் வரிசை முழுவதிலும் இல்லை என்பது என் கருத்து. சண்டைக்கு வரலாம்.

ஹங்கர் கேம்ஸ் சாதாரணப் படம் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அது பார்ப்பவர்களைப் பற்றிய படம்.

சாகப்போகும் பிள்ளைகளுக்கு முதலில் ஒப்பனை செய்கிறார்கள். உடையலங்காரக் கலைஞர் வருகிறார். தேரில் ஊர்வலம். தொகுப்பாளர் சீசர் ஃப்ளிக்கர்மேன் நீலக் கூந்தலும் பளிச்சென்ற பல்லுமாக, “தங்கச்சிக்கு என்ன சொல்லிட்டு வந்தே?” என்ற தோரணையில் பேட்டி எடுக்கிறார். கூட்டம் உருகுகிறது. அந்த உருக்கம் பொய்யில்லை, அதுதான் பயங்கரம். உண்மையாகவே கண் கலங்கிவிட்டு, மறுநாள் அதே பெண் சாவதைப் பார்க்க டிவி முன்னால் உட்காருவார்கள். நம் வீட்டு ஹாலில் நடக்கும் ரியாலிட்டி ஷோ கண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பீட்டா பேட்டியில் காட்னிஸைக் காதலிப்பதாகச் சொல்கிறான். அவள் கோபத்தில் அவனைச் சுவரில் தள்ளுகிறாள். பயிற்சியாளர் ஹேமிட்ச் அவளுக்கு விளக்குகிறார்: அவன் உன்னை விரும்பத்தக்கவளாக மாற்றியிருக்கிறான், அதனால் ஸ்பான்சர் கிடைப்பார்கள். ஸ்பான்சர் கிடைத்தால் மருந்து பாராசூட்டில் வரும். அன்பே ஒரு நாணயமாகிவிட்டது. காட்டில் அவள் அவனுக்கு முத்தம் கொடுத்தால் சூப் வருகிறது. எவ்வளவு உண்மை, எவ்வளவு நடிப்பு என்று அவளுக்கே தெரியாமல் போவதுதான் படத்தின் நுட்பமான பகுதி.

ஹேமிட்ச் தலைநகரத்துக் குடும்பம் ஒன்றை ஓரமாக நின்று பார்க்கும் சின்னக் காட்சி ஒன்று உண்டு. அந்தப் பையனுக்கு ஒரு பொம்மை வாள் பரிசாகக் கிடைக்கிறது. அவன் தங்கையைத் துரத்தி விளையாடுகிறான், பெற்றோர் சிரிக்கிறார்கள். ஹேமிட்ச் பார்த்துக்கொண்டே நிற்கிறார். வசனமே இல்லை. படத்திலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

பேட்டில் ராயலில் போட்டியை யாரும் டிவியில் பார்ப்பதில்லையா?

படத்தின் தொடக்கத்தில், முந்தைய போட்டியில் வென்ற சிறுமியைச் செய்தியாளர்கள் மொய்க்கிறார்கள். ரத்தக் கறையோடு, கையில் பொம்மையோடு, அவள் சிரிக்கிறாள். அவ்வளவுதான். போட்டியை நேரலையில் காட்டுவதாகப் படத்தில் இல்லை. ஷூயாவின் வகுப்புக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே சரியாகத் தெரியவில்லை.

இதை ஓட்டை என்று சிலர் சொல்கிறார்கள். பயமுறுத்துவதற்காக நடத்தும் போட்டியை யாருக்கும் காட்டாவிட்டால் யார் பயப்படுவார்கள்? நியாயமான கேள்வி. பனெம் அரசு இதில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது. ஆனால் எனக்கு ஜப்பானியப் படத்தின் அந்த அபத்தம் பிடிக்கும். சட்டம் போட்டாகிவிட்டது, கோப்பு நகர்கிறது, ஆண்டுதோறும் ஒரு வகுப்பு சாகிறது. எதற்கு என்று கேட்க ஆள் இல்லை.

பேட்டில் ராயல் எடுத்தவர் யார்? ஏன் இவ்வளவு கோபம்?

கின்ஜி ஃபுகசாகு. படம் வந்தபோது அவருக்கு 70 வயது. யாகூசா எனப்படும் ஜப்பானிய தாதா கும்பல்களைப் பற்றிய படங்களால் பெயர் பெற்றவர். திரைக்கதை எழுதியது மகன் கெண்டா.

கோபத்துக்குக் காரணம் 1945. அப்போது 15 வயதுப் பள்ளி மாணவனாக இருந்த ஃபுகசாகுவை வகுப்புத் தோழர்களோடு ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். குண்டுவீச்சு நடந்தபோது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேடயமாக்கிக்கொண்டு அடியில் புகுந்தார்கள். முடிந்ததும் பிணங்களை அப்புறப்படுத்தும் வேலையும் பிழைத்த பிள்ளைகளுக்கே. நாட்டைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னது எல்லாம் பொய் என்று அன்று புரிந்ததாக அவர் பிற்பாடு சொன்னார். டகாமியின் நாவலைப் படித்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது அந்தத் தொழிற்சாலைதான்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் வேறுவிதமாகத் தெரியும். எதிர்கால ஜப்பான் என்று சொல்லிக்கொண்டு, 15 வயதில் தான் கண்டதைத்தான் அவர் எடுத்திருக்கிறார்.

படம் வந்த காலத்து ஜப்பானும் ஒரு காரணம். 90-களின் பொருளாதார மந்தம், வேலை இழந்த அப்பாக்கள், ஆசிரியர் பேச்சைக் கேட்காத வகுப்புகள். 1997-இல் கோபே நகரில் 14 வயதுப் பையன் ஒருவன் சிறுவர்களைக் கொன்ற வழக்கு நாட்டையே உலுக்கியது. 2000-இலேயே, குற்றவியல் தண்டனைக்கு உள்ளாகும் வயதை 16-இலிருந்து 14-ஆகக் குறைத்துச் சட்டம் திருத்தினார்கள். பெரியவர்கள் பிள்ளைகளைக் கண்டு பயந்து சட்டம் போடுகிறார்கள் என்ற கற்பனை அந்த ஆண்டு ஜப்பானியருக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

இரண்டும் பதின்வயதினருக்கான படங்கள்தானே? ஏன் ஒன்றுக்கு மட்டும் அவ்வளவு எதிர்ப்பு?

இங்கேதான் வேடிக்கை. பேட்டில் ராயல் 14, 15 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது, அவர்களைப் பார்த்துப் பேசுவது. ஜப்பானில் அதற்குக் கிடைத்த சான்றிதழ்படி 15 வயது நிரம்பாதவர்கள் உள்ளே போக முடியாது. நாடாளுமன்றத்திலேயே படத்துக்கு எதிராகக் குரல் எழுந்தது. எதிர்ப்பே விளம்பரமாகி, வசூல் 300 கோடி யென்னைத் தாண்டியது. அமெரிக்காவில் 1999 கொலம்பைன் பள்ளிப் படுகொலையின் அதிர்ச்சி அடங்காத நேரம். அங்கே முறையான டிஸ்க் வெளியீடு 2012-இல்தான் வந்தது. ஆம், ஹங்கர் கேம்ஸ் வந்த அதே ஆண்டு.

ஹங்கர் கேம்ஸ் நேர் எதிர். 12 வயதுக்காரர்களும் தியேட்டருக்கு வரவேண்டும் என்று கணக்குப் போட்டு எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் பிஜி-13, அதாவது 13 வயதுக்குக் கீழானவர்களின் பெற்றோருக்கு எச்சரிக்கை மட்டும். பிரிட்டனில் 12 வயதுச் சான்றிதழுக்காக 7 விநாடிகளை வெட்டியும் ரத்தத் தெறிப்பைக் கணினியில் அழித்தும் கொடுத்தார்கள். போட்டி தொடங்கும் முதல் படுகொலையைக் கவனியுங்கள். கேமரா கைநடுக்கம் வந்ததுபோல ஆடுகிறது, ஒலி அடங்கிவிடுகிறது, யார் யாரைக் கொன்றார்கள் என்றே தெரியாது.

இயக்குநர் கேரி ராஸ் பக்கம் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் சாவதை ரசிக்கும் கூட்டத்தைக் கண்டிக்கும் படம், அந்தச் சாவையே அழகாகக் காட்டினால் என்ன அர்த்தம்? சரிதான். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. வலி தெரியாத கொலை, பார்ப்பவருக்கு வசதியான கொலை. தலைநகரத்து ரசிகர்கள்கூட நம்மைவிட அதிகம் பார்த்திருப்பார்கள். ஃபுகசாகுவின் படத்தில் ரத்தம் பீறிடுவது சில சமயம் மிகையாக, ஏறக்குறைய கார்ட்டூன் போல இருக்கும். ஆனாலும் ஒவ்வொருவர் சாகும்போதும் பெயரும் வரிசை எண்ணும் திரையில் வரும், இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்பதும் வரும். பெயரில்லாமல் யாரும் சாவதில்லை. ஹங்கர் கேம்ஸில் செத்த 22 பேரில் உங்களால் எத்தனை பேரின் பெயரைச் சொல்ல முடியும்?

காட்னிஸ் எத்தனை பேரைக் கொல்கிறாள்?

எண்ணிக்கையைவிட யாரை என்பதைப் பாருங்கள். சிறுமி ரூவை ஈட்டியால் குத்தியவனை அம்பெய்து கொல்கிறாள், தற்காப்பு. மரத்தடியில் தன்னைக் கொல்லக் காத்திருந்த கும்பல் மேல் விஷக் குளவிக் கூட்டை அறுத்துத் தள்ளுகிறாள், அதில் ஒருத்தி சாகிறாள். கடைசியில் மிஞ்சிய எதிரி கேட்டோவை மிருகங்கள் குதறும்போது அம்பெய்வது கருணைக் கொலை. தனக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஒருவரைக் கொல்ல வேண்டிய நிலைக்கு அவளைத் திரைக்கதை தள்ளுவதே இல்லை. ரூ உயிரோடு இருந்து, கடைசி இருவராக இவர்கள் மிஞ்சியிருந்தால் என்ன செய்திருப்பாள்? படம் அந்தக் கேள்வியிலிருந்து நைசாக நழுவிவிடுகிறது.

பேட்டில் ராயல் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. நாயகன் ஷூயாவுக்குக் கிடைக்கும் ஆயுதம் பானை மூடி. அவனோடு சேர்ந்து தப்பும் வகுப்புத் தோழி நோரிகோவுக்கு பைனாகுலர். கோடரியோடு பாய்ந்தவன் உருண்டு விழும்போது அந்தக் கோடரியே அவன் தலையில் இறங்குகிறது, அதாவது விபத்து. அழுக்கு வேலையெல்லாம் கவாடா என்ற முன்னாள் வெற்றியாளன் தலையில். ஆக இரண்டு படங்களுமே நாயகர்களின் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளப் பாடுபடுகின்றன. ஜப்பானியப் படம் அதைக் கொஞ்சம் குறைவாக மறைக்கிறது.

வில்லன்களில் யார் மேல்?

அதிபர் ஸ்னோ முதல் படத்தில் வருவதே கொஞ்ச நேரம்தான். டொனால்ட் சதர்லேண்ட் ரோஜாத் தோட்டத்தில் நின்றபடி, கொஞ்சம் நம்பிக்கை கொடு, அதிகம் கொடுத்தால் ஆபத்து என்று போட்டி அமைப்பாளருக்குப் பாடம் எடுக்கும் இடம் அருமை.

ஆனால் தகேஷி கிட்டானோவுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. அவர் நடிக்கும் ஆசிரியரின் பெயரும் கிட்டானோதான். மாணவன் ஒருவனிடம் கத்திக்குத்து வாங்கியவர். வகுப்பே புறக்கணித்துப் போய்விட, வெற்று அறையில் நின்றவர். சொந்த மகளே போனில் எரிந்து விழுகிறாள். இப்போது துப்பாக்கி ஏந்திய ராணுவத்தோடு அதே வகுப்புக்கு வந்து, பேசிய பெண்ணின் நெற்றியில் கத்தியை எறிகிறார். தினமும் ஒலிபெருக்கியில் செத்தவர்கள் பட்டியலைக் காலை வணக்கக் கூட்டத்து அறிவிப்பு மாதிரி வாசிக்கிறார், உடற்பயிற்சி செய்கிறார், பிஸ்கட் சாப்பிடுகிறார். கடைசியில் நோரிகோவை நோக்கி அவர் நீட்டும் துப்பாக்கி தண்ணீர்த் துப்பாக்கி. சுட்டு வீழ்த்திய பிறகும் எழுந்து, மகளின் போனை எடுத்துப் பேசிவிட்டு, கடைசி பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத்தான் சாகிறார். இவர்மேல் வெறுப்பு வருவதா, பரிதாபம் வருவதா என்று எனக்கு இன்றுவரை தீரவில்லை.

காட்டில் உயிர்பிழைக்கும் கதையாகப் பார்த்தால் எது சிறந்தது?

ஹங்கர் கேம்ஸ், சந்தேகமே வேண்டாம். தண்ணீர் தேடுவது, மரத்தில் கயிற்றால் கட்டிக்கொண்டு தூங்குவது, வேட்டை, இலை மருந்து எல்லாம் அதில் உண்டு. பசி அந்தக் கதையின் அடித்தளமும்கூட. கூடுதல் ரேஷன் தானியம் வேண்டுமானால் குலுக்கலில் பெயரைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அதனால் ஏழைப் பிள்ளைக்கே சீட்டு அதிகம். காட்னிஸின் நண்பன் கேல் பெயர் 42 முறை இருக்கிறது. (பேட்டில் ராயல் வகுப்பிலும் 42 பேர். தற்செயல்தான், ஆனால் பார்த்ததும் சிரிப்பு வந்தது.)

பேட்டில் ராயலில் ரொட்டி, தண்ணீர், வரைபடம், டார்ச் எல்லாம் பையில் வந்துவிடும். காட்டோடு போராட அவகாசமே இல்லை.

ஹங்கர் கேம்ஸில் காட்னிஸ், பீட்டா, கேல் காதல் முக்கோணம் தேவையா?

முதல் படத்தில் பெரிதாக இல்லை. பொறுத்துக்கொள்ளலாம்.

மூன்று விரல் வணக்கம் உண்மையான போராட்டங்களுக்கு எப்படிப் போனது?

ரூ இறந்ததும் காட்னிஸ் அவளைச் சுற்றிப் பூக்களை வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்து மூன்று விரலை உயர்த்துகிறாள். அதைப் பார்த்து ரூவின் மாவட்டத்தில் கலவரம் வெடிக்கிறது. தாய்லாந்தில் 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மக்கள் அதே சைகையைத் தெருவில் காட்ட ஆரம்பித்தார்கள், காட்டியவர்களைப் பிடித்துக்கொண்டும் போனார்கள். 2020-இல் அங்கே மாணவர் போராட்டங்களிலும், 2021-இல் மியன்மார் ராணுவ ஆட்சிக்கு எதிராகவும் அது மறுபடி எழுந்தது. மியன்மாரில் மருத்துவமனை ஊழியர்கள் சீருடையோடு வரிசையாக நின்று விரல் உயர்த்திய படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

சுமார் 8 கோடி டாலர் செலவில் எடுத்து 69 கோடி டாலருக்கு மேல் வசூலித்த ஒரு ஹாலிவுட் படத்தின் சைகைக்காகத் துப்பாக்கி முனையில் ஒருவர் கைதாகிறார் என்றால், கலைக்கும் வணிகத்துக்கும் நாம் போடும் கோடு கொஞ்சம் அழிந்துதான் போகிறது. இந்த விஷயத்தில் ஃபுகசாகு படத்தால் போட்டியிட முடியாது. அதில் எழுச்சி கிடையாது. மிமுரா என்ற பையன் அரசின் கணினிக்குள் புகுந்து, வெடிகுண்டு தயாரித்து, வெற்றிக்குப் பக்கத்தில் போகும்போது கொல்லப்படுகிறான். மிஞ்சிய இருவர் தப்பியோடுகிறார்கள். திரையில் கடைசியாக வரும் சொல்: ‘ஓடு’.

பப்ஜிக்கும் இந்தப் படத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அந்த வகை விளையாட்டுகளுக்கே ‘பேட்டில் ராயல்’ என்றுதான் பெயர். பப்ஜியை உருவாக்கிய பிரெண்டன் கிரீன் இந்தப் படத்தின் பாதிப்பை வெளிப்படையாகச் சொன்னவர். தீவு, குருட்டாம்போக்கில் கிடைக்கும் ஆயுதம், நேரம் ஆக ஆகச் சுருங்கும் பாதுகாப்பான இடம், கடைசி ஆள்: எல்லாம் படத்தில் இருப்பவை. படத்தில் தீவின் சில பகுதிகளை அபாயப் பகுதி என்று அறிவிப்பார்கள், அங்கே நின்றால் கழுத்துப் பட்டை வெடிக்கும். 2020-இல் இந்தியாவில் தடை வரும்வரை நம் பையன்கள் ராத்திரி பகலாக ‘ஜோனுக்குள்ள வாடா’ என்று கத்திக்கொண்டிருந்ததன் தாத்தா இதுதான். என்ன, படத்தில் ஜோனுக்கு வெளியே நிற்பவன் அழுகிறான். விளையாட்டில் அடுத்த மேட்ச் போட்டுவிடுகிறான்.

ஸ்க்விட் கேம் பிடித்தவர்களுக்கு எது பிடிக்கும்?

பேட்டில் ராயல். அந்தத் தொடரின் இயக்குநரும் அதைத் தன் தூண்டுதல்களில் ஒன்றாகச் சொன்னவர்தான்.

13 வயது மகளுக்குக் காட்டலாமா?

ஹங்கர் கேம்ஸ் தாராளமாக. கூடவே உட்கார்ந்து பாருங்கள். அண்ணன் மகளோடு நான் பார்த்தபோது, படத்தின் ஆரம்பத்தில் கேல் ஒரு கேள்வி கேட்கும் இடம் வந்தது: ஒரே ஒரு வருஷம் யாருமே பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும்? அவள் படத்தை நிறுத்திவிட்டு, “அத்தை, நிஜமாவே யாரும் பாக்கலன்னா நின்னுடுமா?” என்றாள். அரை மணி நேரம் பேசினோம். படம் முடிய இரவு 12 ஆகிவிட்டது.

பேட்டில் ராயலை அந்த வயதுக்குக் காட்ட மாட்டேன். ரத்தத்துக்காக மட்டும் இல்லை. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு ஜோடி கைகோத்துக்கொண்டு மலைமுகட்டிலிருந்து குதிக்கிறது. தற்கொலைகள் வேறும் உண்டு, பாலியல் மிரட்டலும் உண்டு. இரண்டு பெண்கள் ஒலிபெருக்கியில் சண்டை வேண்டாம் என்று எல்லாரையும் கெஞ்சிக் கூப்பிட, கொலைவெறியன் கிரியாமா அவர்களைச் சுட்டுவிட்டு, சாகும் முனகலை அதே ஒலிபெருக்கியில் தீவு முழுக்கக் கேட்கவைக்கிறான். 17, 18 வயதில் பார்க்கட்டும். அதற்கு முன்பே எப்படியாவது பார்த்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

எதை முதலில் பார்ப்பது?

வெளிவந்த வரிசைக்கு மாறாக, ஹங்கர் கேம்ஸை முதலில். ஜப்பானியப் படத்தைப் பார்த்தபின் இதைப் பார்த்தால் எல்லாம் பயந்து பயந்து எடுத்ததுபோலத் தோன்றும், அதன் நல்ல இடங்கள்கூட அடிபட்டுப் போகும்.

அடுத்தடுத்த பாகங்கள்?

ஹங்கர் கேம்ஸில் இரண்டாம் படம், 2013-இல் வந்தது, முதலைவிட நன்றாக இருக்கும். கடைசி நாவலை இரண்டு படமாக இழுத்தது வசூலுக்காக. ஸ்னோவின் இளமைக் கதையான 2023 படம் நான் நினைத்ததைவிடப் பரவாயில்லை.

பேட்டில் ராயல் இரண்டாம் பாகம் எடுக்கும்போது ஃபுகசாகு புற்றுநோயால் நலிந்திருந்தார். கிட்டானோவை வைத்து ஒரே ஒரு காட்சி எடுத்தார். 2003 ஜனவரியில் இறந்துவிட்டார். மீதியை மகன் கெண்டா முடித்தார். அப்பாவுக்காக ஒரு பிள்ளை பாதி வேலையை எடுத்து முடித்தது என்று மனம் இரங்கித்தான் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் அணைத்துவிட்டேன்.